பத்து நிமிடம் செல்லும் எண்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்கா. பத்தொன்பது வருடமாகப் பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவள்தான், இணையம் படுத்தாலும் அவள்தான். அன்று காலையிலிருந்து ஆய்வகத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரே படுத்துவிட்டது. இந்தப் பெயருக்குரிய தளம் எங்கே இருக்கிறது, மெயில் எங்கே போகவேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது நேம் சர்வர். அதை வைத்திருந்த நிறுவனம், மாதக் கடைசியில் மூடுவதாகச் சொல்லிவிட்டுப் பத்து நாள் முன்னதாகவே கடையைக் கட்டிவிட்டது. நாற்பது பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் மெயிலில் போகாமல் நின்றன.

வேறொரு நிறுவனத்தின் நேம் சர்வரில், தளம், மெயில் இருக்குமிடம் சொல்லும் முப்பத்தொரு பதிவுகளையும் அவள் ஏற்றிவிட்டாள். அங்கே நேராகக் கேட்டால் சரியான பதில் வந்தது. ஆனால் உலகம் இன்னும் பழைய வாசலில்தான் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. டொமைனைப் பதிவு செய்த இடத்தில் நேம் சர்வரை மாற்றினால் தீர்ந்தது. அதற்கு ஆறு இலக்க எண் ஒன்று வேண்டும், அது ஆய்வக மெயிலுக்குத்தான் வரும். மெயில்தான் செத்துக் கிடக்கிறதே! சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. பூட்டிய புண்ணியவதியும் அவளேதான்.

'ஃபோனுக்கு அனுப்பு' என்பதை மூன்று முறை அழுத்தினாள். எதுவும் வரவில்லை. பிறகுதான் திரையில் தெரிந்த கடைசி இரண்டு எண்களைக் கவனித்தாள். நாற்பத்தேழு. கணவருடைய நம்பர். டொமைனை அவள் பதிவு செய்த காலத்தில் வீட்டுக்கே ஒரு ஃபோன்தான்.

அவரோடு பேசி எட்டு மாதமாகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் தங்கை வீட்டில் பத்துப் பேர் நடுவில், "இவ வேலையா? பட்டனைத் தட்டுறது" என்று அவர் சிரித்ததோடு பேச்சு நின்றது. பால் தீர்ந்தால் காலி பாக்கெட்டை மேசைமேல் வைப்பார். அவள் வாங்கி வருவாள். கோபம்கூட எப்போதோ ஆறிவிட்டது. யார் முதலில் வாயைத் திறப்பது என்ற வீம்பும் பெரிய அலுப்பும்தான் மிச்சம்.

"என்னம்மா, ஆச்சா?" என்று மேனேஜர் நான்காவது முறையாக எட்டிப் பார்த்தார். அவள் ஃபோனை எடுத்துக் கணவரை அழைத்தாள்.

"சொல்லு."

"உங்க ஃபோனுக்கு ஆறு எண் வந்திருக்கும்."

"மூணு தடவை வந்துச்சு. எவனோ ஏமாத்துறான்னு அழிச்சிட்டேன்."

"இப்ப இன்னொன்னு வரும். படிங்க."

வந்தது. அவர் படிக்கவில்லை. "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கே?"

"நான் யாரோவா?"

அவர் ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகப் படித்தார். "என்ன வேலை இது?"

"பட்டனைத் தட்டுற வேலை. நாப்பது பேரோட ரிப்போர்ட் நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் மெயில்கள் ஒன்றிரண்டாகப் போகத் தொடங்கின. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கண் எரிந்தது.

"முதல்ல அந்த வீட்டு நம்பரை எடுத்துட்டு ஆபீஸ் நம்பரைப் போடுங்க" என்றார் மேனேஜர். நியாயமான பேச்சுதான். மாற்றப் போனாள். உடனே அவள் ஃபோன் அடித்தது.

"இன்னொன்னு வந்திருக்கு" என்றார் கணவர். "என் நம்பரை எடுக்கப் போறதா போட்டிருக்கு."

"ஆபீஸ்ல எடுக்கச் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு முடியலைங்க. சொல்றதுன்னா சொல்லுங்க. பத்து நிமிஷம்தான் அது செல்லும்."

அவர் எண்ணைச் சொல்லவில்லை. ஃபோனை வைக்கவும் இல்லை. அவளும் வைக்கவில்லை. அவர் பின்னால் வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது.

"பால் நான் வாங்கிட்டேன்" என்றார் கடைசியில்.

அவள் கண்ணைத் திறந்தபோது, நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும் என்று திரையில் எழுதியிருந்தது.