சம்பந்தி தந்த தங்கக்கரைப் பீங்கான்

காலை வழிபாடு முடித்து, நெற்றித் திருநீறு உலருமுன் திருகோணமலைத் துறைமுக வீதியிலுள்ள பீங்கான் கடையைத் திறப்பது என் வழக்கம். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அவ்வாறு திறந்த ஒரு நாளில் பரமேசுவரி அம்மாள் முதல் ஆளாக வந்து, பையிலிருந்த பீங்கானை என்முன் வைத்தார்.

"ஐயா, இதில இருந்த பூ எங்க போச்சுது?"

விளிம்பில் தங்கக்கரை. நடுவிலிருந்த சிவப்புப் பூவில் இரண்டு இதழ்களே மிஞ்சியிருந்தன. விரலால் தடவினேன்; இதழ் மேடாகத் தட்டுப்பட்டது. கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சின் மேலே தீட்டிய பெயின்ற். புளி பட்டால் கரையும். அத்தகைய சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கக்கூடும்.

"இதில என்ன போட்டுச் சாப்பிடுறனீங்கள்?"

"மீன் புளிக்குழம்பு."

"அப்ப பூவும் குழம்போட உள்ளுக்குப் போயிற்றுது."

அம்மாள் கதிரையில் அமர்ந்துவிட்டார். இரண்டு வயதுப் பேரன் அந்தப் பூவைக் கண்டால்தான் வாய் திறப்பானாம். பீங்கான்களோ மருமகனின் தாய் இராசம்மா திருவிழாக் கடையில் வாங்கித் தந்தவை.

"எடுத்து வைச்சா, மகனை மருமகனா எடுத்தவை, நான் குடுத்த சாமானை ஒளிச்சுப்போட்டினம் எண்டு அவ சொல்லுவா. அவ வாற நாளில விரதம் எண்டு சொல்லி இலை போடுவன்."

பேரனுக்கு வெள்ளைப் பீங்கான் ஒன்றை வாங்கிச் சென்றார்.

சில வாரங்களில் இராசம்மா அம்மாள், தம் வீட்டிலிருந்த அதே சிவப்புப் பூப் பீங்கானொன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார்.

"சம்பந்தி வீட்டில எப்ப போனாலும் விரதமாம். குசினிக்குள்ள கோழிக்கறி மணக்குது, ஆனா இலைதான் போடுகினம். நான் குடுத்த பீங்கான் எல்லாருக்கும் காணாது போல. இதே மாதிரி இன்னும் ஆறு தாங்கோ."

கிண்ணியாவிலிருந்து வந்து கடை நடத்திய எங்கள் முதலாளி, அலுமாரியிலிருந்த பழைய இருப்பைத் தாமே எடுக்க எழுந்தார். நான் எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டி, மாதிரிப் பீங்கானில் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி சிவந்தது. இந்தச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்றேன்.

"ஐயா, நீங்க சாமான் விக்கிறீங்களா, சாமானுக்கு எதிரா சாட்சி சொல்றீங்களா?" என்றார் முதலாளி.

இராசம்மா அம்மாள் துணியையே பார்த்தார். "என்ர பேரனும் இதிலயோ சாப்பிட்டவன்?"

"முந்திச் சாப்பிட்டவர். இப்ப இல்லை."

"அப்ப அவவுக்குத் தெரியும்."

"ஓம்."

உடனே ஓட்டோ பிடித்துப் போனார். மறுநாள் பரமேசுவரி அம்மாள் வந்தார்.

"பெரிய சண்டை, ஐயா."

"பீங்கானை எடுத்து வைச்சதுக்கோ?"

"இல்லை. தனக்கு ஏன் உடனே சொல்லேல்ல எண்டு. பேரனை டொக்டரிட்டத் தானே தூக்கிக்கொண்டு போயிற்றா."

இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று வந்த பின்னரே எனக்கும் உறக்கம் வந்தது.

தொழிலுக்குப் புதியவர்களுக்குச் சொல்வேன். எலுமிச்சையில் சாயம் போகாவிட்டால் நல்ல பீங்கான் என்று எண்ணிவிடாதீர்கள். ஈயம் கண்ணுக்குத் தெரியாது. தினமும் உண்ண, படமில்லாத வெள்ளைப் பீங்கானையோ கண்ணாடியையோ எவர்சில்வரையோ காட்டுங்கள். கிளேஸ் வெடித்ததை விற்காதீர்கள். பரிசுக்கு வாங்க வருபவரிடமே, இதில் உண்ணப்போகிறார்களா, அலுமாரியில் வைத்துப் பார்க்கப்போகிறார்களா என்று கேளுங்கள். நஞ்சைக் கண்டத்திலேயே நிறுத்திக்கொள்ள ஈசனுக்கு இயன்றது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏலாது.