காருக்குள்ளிருந்து பால்வழி: கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டில் ஓர் இரவு

மகள் பிறந்ததிலிருந்து பத்து மாதமாகக் கேமராப் பையை நான் தொடவேயில்லை. இரவு வானத்தைப் படமெடுக்க மணிக்கணக்கில் கேமரா பக்கத்தில் நிற்க வேண்டும். அவளோ என் மடியை விட்டு இறக்கினால் விழித்துவிடுவாள். என் கேமராவை வைஃபை வழியாகப் போனிலிருந்தே இயக்கலாம் என்று தெரிந்ததும், ஏப்ரல் அமாவாசைக்குக் கிளம்பினோம். இதுவும் சரிவராவிட்டால் கேமராவை மறந்துவிடுவதாகக் கணவரிடம் சொல்லியிருந்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கந்தர்வக்கோட்டை தாண்டி, முந்திரிக்காட்டு மண்பாதையில் காரை ஓரங்கட்டினோம். பத்தடி தள்ளி ட்ரைபாடில் கேமரா. பின்சீட்டில் நானும் மகளும். முன்சீட்டில் கணவரின் குறட்டை. ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று போன் கேமராவின் இணைப்பைத் துண்டித்துக்கொண்டே இருந்தது. மொபைல் டேட்டாவை அணைத்தபிறகுதான் அடங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா இருபது நொடி கண் திறந்திருக்க வேண்டும். ஒரு கையில் மகளைத் தட்டிக்கொண்டே மறு கைக் கட்டைவிரலால் போனை அழுத்தினேன். இரண்டு மணிக்குப் போன் திரையில் பால்வழி எழுந்தது. மூச்சு நின்றது எனக்கு. உடனே மகளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

திடீரென்று டார்ச் வெளிச்சம். என் வயதுதான் இருக்கும், ஒரு பெண்.

“யாருங்க அங்கிட்டு? ரோடு போட அளக்குறீங்களா?”

“இல்லங்க, வானத்தைப் படம் எடுக்கிறோம்.”

“ஆளே இல்லாம ஒத்தையில நின்னு டிக்கு டிக்குங்குது! முந்திரிக்கொட்டை திருட மிஷினையே அனுப்பிட்டாய்ங்களோன்னு பாத்தேன்.”

அறுவடைக் காவலுக்கு வந்தவராம். பெயர் செல்வி. டார்ச்சை அணைக்கச் சொல்லிப் போனைக் காட்டினேன்.

“எங்க மரமுல்ல இது! மேல என்னங்க, பொகையா?”

“எல்லாம் நட்சத்திரங்க.”

அண்ணாந்து பார்த்தார். “அட, ஆமா. இம்புட்டா! நீங்க எறங்கிப் பாக்கலையா?”

பார்க்கவில்லை. ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தும்போது பால்வழி இன்னும் எழவில்லை; பிறகு காரின் கூரைக்குக் கீழேயே இருந்துவிட்டேன்.

“புள்ளைய இங்கிட்டுக் குடுங்க. நானும் ரெண்டு பெத்தவதான்.”

என் அம்மாவிடமே பத்து முறை யோசித்துத்தான் கொடுப்பேன். முன்சீட்டைப் பார்த்தேன், குறட்டை நின்றபாடில்லை. கொடுத்தேன். செல்வி கதவோரம் உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இறங்கி நின்றேன். திரையில் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்த பால்வழி, முந்திரி மரங்களின் தலையிலிருந்து உச்சி வரை கிடந்தது. படத்தில் இருந்த நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் படத்தில் இல்லாத ஏதோ ஒன்று, அந்த ஆழம், காலுக்கடியிலும் இருப்பது போலிருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டு நின்றேன். பின்னால் கேமரா தானாக எடுத்துக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: பவர்பேங்க், கொசுவலை, கூடுதல் பேட்டரி கட்டாயம். காருக்குள் விளக்குப் போடாதீர்கள். தோட்டக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லாதது தப்பு. கேமராவின் போன் ஆப்பில் இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். இறங்குமுன் நானும் அதைத்தான் போட்டேன்.

இதை எழுதும்போது மகள் உள்ளறையில் தூங்குகிறாள். மூன்று முறை எழுந்துபோய் மூச்சைப் பார்த்துவிட்டேன். அந்தக் காட்டில் நின்ற நேரத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.