பூஜையில் வைத்த பாஸ்போர்ட்

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். அவற்றில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. போர்ச்சுகல், கொரியா, வியட்நாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் என் கையால் இட்லி வார்த்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் இந்த நாட்டைவிட்டு வெளியே காலடி வைத்ததில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கு ஒன்று, ஒரு முத்திரைகூட விழாமல், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

"நாமும் ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்று நான் எப்போது கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நாம போயிட்டா வர்றவங்களை யாரு பார்க்கிறது?" துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்று பழகிவிட்டார். எனக்குப் பழகவில்லை. அடுத்தவர்களின் பெட்டி மாடிப்படியில் தடதடவென்று இறங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது!

எங்கள் மாடியின் யோகம் விமானத்தின் கையில் இருந்தது. ஆரம்பத்தில் வந்தவர்கள் எங்கேயோ இறங்கி, அங்கே பாதி நாள் காத்துக் கிடந்து, வேறு விமானம் மாறி வந்து சேர்வார்கள். முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும். பிறகு வியட்நாமிலிருந்து கொல்கத்தாவுக்கு நேர் விமானம் வந்தது, அறைகள் நிறைந்தன. நடுவில் ஒரு சீசன் அது நின்றுபோனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் மாடிக் கட்டிலில் லேக் மார்க்கெட்டில் வாங்கிய வற்றல் மிளகாய்தான் படுத்திருந்தது.

இதை எனக்குப் புரியவைத்தவள் ஒரு வியட்நாம் பெண். சுற்றுலாக் கூட்டங்களை அழைத்துக்கொண்டு போவதும் வருவதும்தான் அவள் பிழைப்பு. தன் ஊர்க்காரர்களை இங்கே கூட்டி வந்து எங்கள் மாடியிலும் அக்கம்பக்கத்திலும் தங்க வைப்பாள். திரும்பும்போது கொல்கத்தாக்காரர்களைத் தன் ஊரைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போவாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது: "ஆன்ட்டி, நான் கூட்டிட்டு வர்ற ஆளுங்களுக்காக மட்டும் விமானம் வராது. அவங்க இறங்கின சீட்டுல உங்க ஊர்க்காரங்க ஏறணும். ஒரு பக்கம் காலியா ஓடினா நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்க ரூமும் காலி, என் வேலையும் காலி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க எப்ப ஏறப் போறீங்க?" என்று கேட்டாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அன்றைய செய்தித்தாளை இரண்டாவது தடவை படிக்க ஆரம்பித்தார்.

போன வருஷம் துர்கா பூஜைக்கு அவள் தனியாக வந்தாள். பந்தல்களை எல்லாம் ஒரு நடை பார்த்துவிட்டு, விஜயதசமி மாலை விமானத்தில் இங்கிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் எங்கள் கீழ் வீட்டு பௌதியும் ஒருத்தி. பௌதி என்றால் அண்ணி. இந்தத் தெருவில் கல்யாணமான பெண்கள் எல்லாருமே யாருக்காவது பௌதிதான். பூஜை லீவு வந்தால் வங்காளிகளுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும். இவள் ஒரு மாதத்துக்கு முன்பே பெட்டி கட்டிவிட்டாள். வியட்நாமில் வெயில் கொளுத்தும் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல் கம்பளிக் குல்லாவையும் எடுத்து வைத்திருந்தாள்.

வங்காளிகளுக்கு நவமி என்றால் எங்களுக்கு அன்றைக்கு வீட்டில் சரஸ்வதி பூஜை. கொலுவுக்கு முன்னால் மனைபோட்டு, புத்தகங்களை அடுக்கி, அவரவர் தொழில் சாமான்களையும் வைத்து, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. என் வீட்டுக்காரர் தன் ஸ்க்ரூடிரைவரையும் கார் சாவியையும் வைத்தார். அந்த வியட்நாம் பெண் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எதை வச்சு வேலை செய்யறியோ அதைக் கொண்டா," என்றார் அவர். அவள் மாடிக்கு ஓடிப்போய்த் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கோ பரம திருப்தி. இரண்டு கையாலும் வாங்கி, அட்டையில் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களின் மேல் வைத்துத் துணியை மூடினார்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று மறுபடி பூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். புத்தகம் என்றால் நாலு வரி படிக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவர் என்றால் ஒரு திருகாணியையாவது முறுக்க வேண்டும். இதில் என் வீட்டுக்காரர் ஒரு அங்குலம் நகர மாட்டார். சரஸ்வதி பூஜையன்று அவர் செய்தித்தாளைக்கூடத் தொடுவதில்லை.

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு முடித்த கையோடு அவள் போன் கூவியது. மறுநாள் விமானம் ரத்து. அந்தக் கூட்டம் முழுவதையும் அன்று மாலை விமானத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை விட்டால் விடுமுறைக் கூட்டத்தில் அடுத்த வாரம்வரை ஒரு சீட்டும் கிடையாது. நவமி நெரிசலில் விமான நிலையம் போய்ச் சேர வேண்டுமென்றால் உடனே கிளம்பியாக வேண்டும்.

அவள் பட்டுத்துணியைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அவகிட்ட இன்னொண்ணு இருக்காதா?" என்றார்.

"என்னங்க, அது என்ன ரேஷன் கார்டா, ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போக?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொண்டான்னு கேட்டு வாங்கி வச்சது நீங்க. இந்தியாவுக்கு வந்த பொண்ணை சரஸ்வதி பேரைச் சொல்லிச் சிறை வைக்கிறீங்களா?"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல," என்று முனகினார். ஆனால் முகம் வெளிறிவிட்டது. அந்தப் பெண்ணோ வலது கால் பெருவிரலால் தரையை அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் கெஞ்சியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதற்குள் கீழிருந்து பௌதி மூச்சுவாங்க ஏறி வந்தாள். கையில் பெட்டி, தலையில் குல்லா. விஷயத்தைக் கேட்டதும் "ஓ மா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மடமடவென்று இறங்கிப் போய்த் தன் வீட்டுப் பஞ்சாங்கத்தோடு திரும்பி வந்தாள். "தாதா!" என்று என் வீட்டுக்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டாள். "உங்க கணக்கை விடுங்க. எங்க பஞ்சாங்கப்படி தசமி பொறந்தாச்சு!" என்று பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தசமி சாயங்காலத்துக்கு மேல்தான். என் வீட்டுக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வங்காள எழுத்து அவருக்கு நன்றாகவே படிக்க வரும். இருந்தாலும் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில், "இருக்கிறது கொல்கத்தாவில்தானே, இந்த ஊர்த் திதியும் செல்லும்," என்றார். கற்பூரம் காட்டிவிட்டு, துணியை விலக்கி, அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டாக்சி தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால், அவர் பீரோவைத் திறந்துகொண்டிருந்தார். "நடுவில் எடுத்த இடம் காலியா இருக்கக் கூடாது," என்று சொல்லி, எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துப் பொட்டிட்டுத் துணியை மூடினார். கைக்கு வந்ததை வைத்தார் என்றுதான் நினைத்தேன். மனதில் வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் புனர்பூஜை ஆயிற்று. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளை முறுக்கினார். காரை வாசல்வரை ஓட்டி நிறுத்தினார். நான் ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரி படித்தேன். மனையில் பாஸ்போர்ட்டுகள் மட்டும் பாக்கி.

"வச்சதை எடுத்து உபயோகிக்கணும்," என்றேன். "சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவர் தன்னுடையதைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெயர் போட்ட பக்கத்தைத் தவிர எல்லாம் வெறும் பக்கம். படிக்க ஒரு எழுத்து இல்லை. "வர்றவங்களை யாரு பார்க்கிறது?" என்று வழக்கம்போல ஆரம்பித்தார், ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"பௌதி பார்ப்பா," என்றேன்.

பௌதி ஊர் திரும்பினதும் முதல் வேலையாக மாடி ஏறி வந்தாள். கொல்கத்தா விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் இருந்த குங்குமப் பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுப் பூஜையா?" என்று கேட்டுச் சிரித்த கதையைச் சொன்னாள். நாங்கள் இல்லாதபோது மாடியைப் பார்த்துக்கொள்ளச் சாவியையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஜனவரியில் நாங்கள் வியட்நாமுக்குக் கிளம்பினோம். விமான நிலையத்தில் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ஏற வேண்டிய விமானம் வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இறங்கி நடந்து போனார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு சிறு கொடியைப் பிடித்துக்கொண்டு அந்த வியட்நாம் பெண். என்னைப் பார்த்ததும் நின்று, கொடியை உயர்த்தி ஆட்டினாள். நான் என் பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டினேன். அவள் கூட்டம் எங்கள் வீட்டுக்குத்தான் போகிறது, சாம்பார் பொடி எந்த டப்பா என்று பௌதியிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சீட்டில் யாரோ மடிக்காமல் போட்டுவிட்டுப் போன பெல்ட் கிடந்தது. "சன்னல் பக்கம் நீ உட்காரு," என்று சொல்லி, என் வீட்டுக்காரர் அதை எடுத்து எனக்குப் பூட்டிவிட்டார்.