டோம்லூர் சிக்னலில் நின்ற வண்டி

போன சனிக்கிழமை புதிதாக வந்திருக்கும் நூறு சிசி வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நிறுத்தியதும் என்ஜின் தானாக அணைந்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. வலது கால் தன்னால் கிக்கரைத் தேடிப் போனது. அந்த வண்டியில் கிக்கரே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விற்பனையாளர், "பெட்ரோல் மிச்சம் பண்ண அதுவே ஆஃப் ஆகும் சார். கிளட்சைப் பிடிங்க, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். ஆனது. என் படபடப்பு அடங்கத்தான் அடுத்த சிக்னல் வரை ஆயிற்று.

காரணம் இருக்கிறது. மர்பி டவுனில் குடியிருந்துகொண்டு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்த காலம். கல்யாணம் ஆன புதிது. வண்டி யாரோ ஓட்டிக் கழித்த பழையது. மதியச் சாப்பாட்டில் எங்கள் பேச்செல்லாம் மைலேஜ்தான். வண்டி எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் ஆளுக்கு மரியாதை. என் வண்டி எழுபதைத் தாண்டவில்லை. ரசம் ஊற்றும்போதுகூட யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும்.

அப்போது மைலேஜ் பார்க்க ஒரு வழி உண்டு. காலி குளுக்கோஸ் பாட்டிலை ஹேண்டில்பாரில் கட்டி, நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி, குழாயைக் கார்புரேட்டரில் செருகி, வண்டி நிற்கும்வரை ஓட்டுவது. ஆஸ்டின் டவுன் மெக்கானிக் மஸ்தான் ஒரு ஞாயிறு முழுக்க எனக்காக இதைச் செய்தார். ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இது போதும் சார். இன்னும் அரை சுத்து திருப்புனா சிக்னல்ல நின்னுடும்" என்றார். நானா கேட்பேன்? திருப்பச் சொன்னேன்.

மறுநாள் என் மனைவி எஸ்தருக்குக் கோரமங்களாவில் ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு. ஆசிரியப் பயிற்சி முடித்த பின் வந்த முதல் அழைப்பு. டோம்லூர் சிக்னலில் வண்டி நின்றது. உதைத்தேன், கிளம்பிப் பத்தடியில் மறுபடி நின்றது. சோக்கை இழுத்துப் பார்த்தேன், மூடிப் பார்த்தேன். ஓரமாகத் தள்ளும்படி கன்னடத்தில் ஒருவர் அதட்டினார். எஸ்தர் இறங்கி ஆட்டோ தேடிப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த அரை சுத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கூட வந்துச்சு?"

"ரெண்டு" என்றேன்.

"சரி" என்றாள்.

புது வண்டியில் எல்லாம் சென்சாராம். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. யாரும் கை வைக்க முடியாது என்று விற்பனையாளர் ஏதோ குறையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது ஒன்றே போதும், வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டேன். சோக் போயிற்று, குளுக்கோஸ் பாட்டில் போயிற்று. மஸ்தான் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். எஸ்தருக்கு அடுத்த வருடமே வேறு பள்ளியில் வேலை கிடைத்தது. முதலில் பஸ், இப்போது மெட்ரோ. மாதா கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் என் பின்னால் உட்கார்ந்து வருவாள். அப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் போன நாட்களில், காலையில் கிளம்பும்போது, "என்னைக் கொஞ்சம் விட்டுட்டுப் போறீங்களா" என்று கேட்பாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு காலையிலும் கேட்டதில்லை.