அத்தான் அளந்த பல்

என் அக்காள் கணவர் யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார், வாய் பார்த்துத்தான் பேசுவார். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, வாயை அப்படியே வார்த்து, அதன்மேல் பல்செட்டும் கிளிப்பும் செய்கிற இடத்தில் இருபது வருடமாக வேலை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, ஆள் எப்படி என்று அக்கா கேட்டாள். அத்தான், "கடைவாய்ப்பல் ரெண்டு போயிருக்கு" என்றார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். அது இவர் வீட்டிலும் பலித்தது.

மகளுக்கு முன்பற்கள் எடுப்பு, உதடு சேராது. ஒன்பது வயதில் வகுப்பில் சத்தமாக வாசித்தபோது எச்சில் தெறித்ததாம். முன்பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டை விரித்துக் குடையாகப் பிடித்தார்களாம். அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் அவள் வாயையும் அச்செடுத்து வார்த்து, அளந்து பார்த்தார். பிறகு வேலை செய்யும் இடத்துக்கே அவளை அழைத்துப் போய், அலமாரியிலிருந்து மற்றப் பிள்ளைகளின் வார்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இதைப் பார், அதைப் பார், இதோடு பார்த்தால் உன்னுடையது ஒன்றுமே இல்லை என்றாராம். தேற்றுவதாக நினைப்பு. நான் சண்டைக்குப் போனேன். கடிக்க முடிகிறது, மெல்ல முடிகிறது, வேறென்ன வேண்டும் என்று என் வாயை அடைத்துவிட்டார். பிளாஸ்டருக்கு உதடு ஏது, பள்ளிக்கூடம் ஏது?

அதன்பின் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பள்ளி மாறினாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும்தான் நம்பினேன்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு, அக்காவுக்கு லீவு கிடைக்காததால், அத்தானோடு நான் போனேன். வகுப்பு ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. அம்மா வரும்போதெல்லாம் கேட்க மனசு வரலை. பொண்ணுக்குப் பேச்சு வராதுன்னு சேர்க்கும்போதே சொல்லியிருக்கலாமே? நாங்களா புரிஞ்சுகிட்டு, எல்லாத்தையும் எழுதிக் காட்டச் சொல்லிட்டோம்."

இரண்டு வருடம். அந்தப் பள்ளியில் ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் அவளைக் கேட்டார்.

"சொன்னேனேப்பா" என்றாள். அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளே தனக்குத் தெரிந்த மருத்துவரிடம் கூட்டிப் போனார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொன்னார் மருத்துவர். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் பக்கத்தில் குனிந்து, "அப்பாதானேம்மா இருக்கேன், காட்டு" என்றார்.

அவள் மருத்துவரைப் பார்த்து, பொத்திய கைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"அப்பா வெளிய இருக்கட்டும்."

அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் பேச ஆரம்பித்தாள். மருத்துவர் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அத்தான் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.