இன் கேமரா என்ற உத்தரவு

மதுவந்தி பாபநாசத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் ரகுராமன் மஸ்கட்டில் எஞ்சினியர். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படுக்கையறைக் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கியிருந்தது. செல் மாற்றலாமென்று ஸ்டூலில் ஏறிக் கழற்றினாள். பின்பக்கம் மெல்லிய ஒயர் ஒன்று போனது. என்ன இது என்று திருப்பிப் பார்ப்பதற்குள் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து.

"அதை ஏன் கழட்டுறே?"

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு என்ற எண்ணுக்குக் கீழே மிளகளவு ஒரு கேமரா லென்ஸ். அந்த அறையில்தான் அவள் உடை மாற்றுவாள். அக்காவிடம் போனில் பேசி அழுவதும் அங்கேதான்.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனாள். விவாகரத்து கேட்டு வக்கீல் ஃபஹ்மிதா மூலம் மனுப் போட்டாள்.

சாட்சி சொல்லும் நாளில் ரகுராமனும் லீவில் வந்திருந்தான். தஞ்சாவூர் குடும்ப நீதிமன்றத்தில் கிளார்க் எழுந்து, "இந்தக் கேஸ் இன் கேமரா. மத்தவங்க வெளிய போங்க" என்றார்.

மதுவந்தியின் காதில் கேமரா என்ற ஒரு சொல்தான் விழுந்தது. எழுந்து விறுவிறுவென்று வராந்தாவுக்கு நடந்து, சுவரோரம் வாந்தியெடுத்தாள். ஃபஹ்மிதா பின்னால் ஓடிவந்தார்.

"என்னாச்சும்மா?"

"அதையேதான் இங்கயும் வைக்கிறீங்களா மேடம்? அவர் உக்காந்து பாக்க, கேமரா முன்னாடி நின்னு நான் எல்லாத்தையும் சொல்லணுமா?"

ஃபஹ்மிதாவுக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவர் முகமும் வெளுத்தது.

"ஐயோ, நான் கேட்டு வாங்கின உத்தரவும்மா அது! முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்பு. ஜட்ஜோட சேம்பர்ல கதவைச் சாத்திட்டு விசாரிப்பாங்க, அவ்வளவுதான். லத்தீன்ல கேமரான்னா அறை. வளைஞ்ச கூரை போட்ட அறை. அதே வார்த்தைதான் பிரெஞ்சுக்காரங்க வாயில மாறி, இங்கிலீஷ்ல சேம்பர் ஆச்சு."

"அப்ப படம் பிடிக்கிறது?"

"இருட்டறைச் சுவத்துல சின்ன ஓட்டை போட்டா, வெளிய இருக்கிறது எதிர்ச் சுவத்துல தலைகீழாத் தெரியும். அந்த அறையோட பேருதான் படம் பிடிக்கிற பெட்டிக்கும் வந்துது."

மதுவந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "அவர் செஞ்ச அக்கிரமத்துக்கும், அதுலேர்ந்து என்னைக் காப்பாத்துற கதவுக்கும் ஒரே பேரா மேடம்?"

ஃபஹ்மிதா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

சேம்பரில் உட்கார்ந்ததும் மதுவந்தியின் கண் சுவரிலிருந்த கடிகாரத்தில் போய் நின்றது. நீதிபதி அம்மாள் கவனித்தார். உதவியாளரைக் கூப்பிட்டு அதை வெளியே எடுத்துப்போகச் சொன்னார். அதன்பிறகு அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நீதிபதி ரகுராமனிடம் திரும்பினார். "எவ்வளவு நாளா இது நடக்குது?"

"பாதுகாப்புக்குத்தாங்க வச்சேன். மூணு வருஷமா."

அவள் அதைக் கழற்றியதற்கு நாலு மாதம் முன்னால், அவன் லீவில் வந்தபோது வைத்தது என்றே மதுவந்தி நினைத்திருந்தாள். அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் மேஜையில் கவிழ்ந்தது.

அடுத்த ஆடியில் விவாகரத்து கிடைத்தது. இப்போது பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஆனாலும் திடீரென்று ஏதோ ஒரு பழைய நாள் நினைவுக்கு வரும். அம்மா இறந்த மறுநாள் அந்தப் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தரையில் புரண்டு அழுதது. அதுவும் அந்த மூன்று வருஷத்துக்குள்தான்.