கழற்றி வைத்த பட்டிகள்

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒருவருக்காகத்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? நெஞ்சில் கிடந்து அறுக்கிறது, அவ்வளவுதான்.

நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நானும் அண்ணனும் லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில் இருந்தோம். நான் கட்டிய புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். அந்தக் கதை இங்கே வேண்டாம். அண்ணன் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை செய்தார். அண்ணி என்னோடு மலையில் கொழுந்து எடுத்தாள். பிள்ளை இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அடியில் யாரோ போட்டுவிட்டுப் போன இரண்டு நாய்க்குட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து, பால்மாவைக் கரைத்து ஊட்டி வளர்த்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. அவள் நிரையில் கொழுந்து எடுத்தால் இரண்டும் நிரையிலேயே நடக்கும். அவள் யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறவள். நாய்களும் அப்படியே ஆகிவிட்டன. திருடன் வந்தாலும் வாலாட்டி உள்ளே கூப்பிடும் போல என்று நான் திட்டுவேன்.

ஒரு வருஷம் அண்ணனுடைய வலது கை ரோலரில் மாட்டிக்கொண்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கையை எடுக்க வேண்டி வரும் என்றார்கள். அண்ணி அங்கேயே நின்றபடி, கை தப்பினால் மலை உச்சியில் போய்ச் சூடம் ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கை தப்பியது. இரண்டு விரல் மட்டும் மடங்காது. அண்ணி, மழை விடட்டும், கொழுந்து குறையட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்த மழைக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். மகராசி போய்விட்டாள்.

சாமி கொண்டுபோய்விட்டது என்று நான் நம்பினேன். இப்போது கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். நேர்ந்ததைச் செய்யாமல் வைத்ததற்குக் கூலி என்று நினைத்தேன். அடுத்தது அண்ணனோ என்ற பயம் என்னைத் தின்றது.

அண்ணனோ ஆளே மாறிவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், வாசலில் குந்தியிருப்பார். என்னோடு பேசுவது "ம்", "சரி" இரண்டுதான். நாய்களோடு மட்டும் பேசுவார். என்ன பேசுவாரோ, நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார். தன் தட்டில் பாதிச் சோற்றை இரண்டுக்கும் பிரித்து வைப்பார். அவை தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த இரண்டும் இல்லையென்றால் அந்த மனுஷன் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டார். இது லயத்துக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் விசர் நாய் ஒன்று ஒரு கன்றுக்குட்டியையும் ஒரு பிள்ளையையும் கடித்துவிட்டது. நாய்களுக்கு ஊசி போட ஆள் வந்தார்கள். ஊசி போட்ட நாய்க்கு ஒரு தகரப் பில்லை கொடுத்தார்கள். அதை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். பிறகு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டில் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுச் சொன்னார்:

"கழுத்துல பில்லை இல்லாத நாய சுட்டுப் போடுவாங்க. அப்புறம் ஆபீஸ் வாசல்ல வந்து ஒப்பாரி வைக்காதீங்க, சொல்லிட்டேன்!"

மற்றவர்கள் பில்லையைச் சாக்குக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டார்கள். அண்ணனுக்கு அது போதவில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தார். நல்ல மாட்டுத்தோல். மடங்காத இரண்டு விரலோடு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, அறுத்து, ஓட்டை போட்டு, கொக்கி வைத்து, இரண்டு கழுத்துப்பட்டி செய்தார். பில்லையைக் கம்பியால் முறுக்கிப் பொருத்தினார். அண்ணி போனபிறகு அவர் கை ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. "மாப்பிள்ளைங்க ரெடி" என்றுகூடச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பு ஊதுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நாய் சுடுகிற துவக்குக்காரன் வெள்ளிக்கிழமை எங்கள் லயத்துக்கு வந்தான். வெளியூர்ச் சிங்கள ஆள். தோட்டத்தில் கூட்டிவந்திருந்தார்கள். ஆறு நாய் விழுந்தது. எங்கள் நாய்களின் கழுத்தைப் பார்த்துவிட்டு, தலையைத் தடவிவிட்டுப் போனான். சனிக்கிழமை அவன் கீழ்க்கணக்குக்கு இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டோம். ஆபத்து தாண்டிவிட்டது என்று நிம்மதியானேன். சரி, இந்தச் சந்தோஷத்தோடு அந்த நேர்த்தியையும் முடித்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, நாளைக்கு மலைக்குப் போறோம்."

"நீ போய்ட்டு வா."

"கை யாரோடது? என்னோடதா? உங்க கைக்குத்தானே அந்த மகராசி நேந்துகிட்டா! நான் மட்டும் போயி என்னத்தச் சொல்றது சாமிகிட்ட?"

காலடியில் கிடந்த செவலையின் காதைத் தடவினார். பிறகு, "நாயிங்க வந்தா வாறேன்" என்றார்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கிற அந்த மலைக்கு யாரும் சும்மா போவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, கோயில் திருவிழாவுக்கு முன்னால், நாலைந்து ஆண்கள் போய் உச்சியில் நட்ட சூலத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வருவார்கள். மற்ற நாளில் காற்று மட்டும்தான். அதுவும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மலையில் தமிழ் ஆட்கள் நெருப்பு வைக்கிறார்கள் என்று கீழே கிராமத்தில் யாராவது சொன்னால் பொலிஸ் வந்து நிற்கும். அதனால் தோட்டக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு, விடிந்தபிறகே கிளம்பினோம்.

தேயிலை முடிகிற கடைசித் தொங்கல் வரைக்கும் பாதை. அதற்கு மேல் ஆள் உயர மானாப்புல். அட்டை காலெல்லாம் ஏறியது. சவர்க்காரக் கட்டியைக் காலில் தேய்த்துத் தேய்த்து விட்டேன், அதுவும் அந்த அட்டைகளுக்குப் போதவில்லை. நாய்கள் புல்லுக்குள் மறைந்து மறைந்து ஓடின, வால் நுனி மட்டும் தெரியும். புல் முடிகிற இடத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. செருப்புக் கல் என்று பெயர். அதற்கு மேல் உச்சி வரை மொட்டைப் பாறை, சாமியின் இடம். மாட்டுத்தோல் எதுவும் மேலே போகக்கூடாது. செருப்பு, இடுப்பு பெல்ட், மணிபேக் எல்லாம் அங்கேயே வைத்துவிட்டு ஏற வேண்டும்.

நான் செருப்பைக் கழற்றினேன். நிமிர்ந்தால் கறுப்பு நாய் பாறையில் கால் வைத்துவிட்டது. அதன் கழுத்தில் தோல் பட்டி.

"அண்ணே, பட்டி! கழட்டுங்க!"

"நாய்க்குமா?"

"நாய்க்கு மட்டும் என்ன தனிச் சட்டமா? மாட்டுத்தோலு தோலுதானே!"

"வேணாம் புள்ள. பில்லை அதுலதானே இருக்கு."

"துவக்குக்காரன் பாறைக்கு மேலயா குந்தியிருக்கான்? எறங்கி வரையில மாட்டிக்குங்க. இம்புட்டுத் தூரம் வந்து இதுல கொற வைக்கணுமா? ஒருத்திய வாரிக் குடுத்தது பத்தாதா?"

அந்தக் கடைசிப் பேச்சை நான் பேசியிருக்கக்கூடாது. அண்ணன் முகம் செத்துப்போனது. குனிந்து, இரண்டு பட்டியையும் கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தார்.

பாறையில் கையும் காலுமாகத்தான் ஏற வேண்டும். எனக்கு முழங்கால் வலி வேறு. செவலை முன்னால் ஏறும், திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கும், இறங்கி வந்து என் பின்னால் நின்றுகொண்டு மூக்கால் தள்ளும். ஒரு இடத்தில் கறுப்பு வழுக்கி அண்ணன் மேலேயே விழுந்தது. இரண்டு பேரும் உருண்டு ஒரு செடியைப் பிடித்து நின்றார்கள். அண்ணன் சிரித்தார். வாய்விட்டு, பல் தெரிய. பதினோரு மாதத்துக்குப் பிறகு. அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உச்சியில் சூடம் ஏற்றினோம். காற்றில் மூன்று தடவை அணைந்து நாலாவது தடவை நின்றது. அண்ணன் வலது கையை அந்தச் சுடரின் மேல் பிடித்து, "முடிஞ்சிருச்சு" என்றார். அண்ணியிடம் சொன்னாரோ சாமியிடம் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. கொண்டுபோன ரொட்டியை நாலு பேருமாகத் தின்றோம். கீழே எங்கள் லயம் நெருப்புப்பெட்டி அளவு தெரிந்தது. நாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அண்ணன் என்னோடு பேசினார். என் வாழ்க்கையில் நல்ல ஒரு மணித்தியாலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

திடீரென்று வானம் கறுத்து இடி விழுந்தது. அந்த இரண்டுக்கும் இடி என்றால் உயிர் போய்விடும். அண்ணன் பிடித்த பிடியை உதறிக்கொண்டு பாறையில் வழுக்கி இறங்கி, புல்லுக்குள் பாய்ந்துவிட்டன. நாங்கள் கூப்பிட்டது இடிச் சத்தத்தில் அவற்றுக்குக் கேட்டிருக்காது. ஈரப் பாறையில் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க முடிந்தது. அண்ணன் தனியாக இறங்கியிருந்தால் ஓடியிருப்பார். என்னை விட முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். செருப்புக் கல்லில் நனைந்து கிடந்த பட்டிகளை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன்.

மானாப்புல்லில் வந்துகொண்டிருக்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"பன்னிக்கு வெடி வைக்கிறானுங்க" என்றேன்.

அண்ணன் என் கையை விட்டுவிட்டு ஓடினார்.

துவக்குக்காரன் கீழ்க்கணக்கை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காட்டுக்குள் தப்பிய நாய்களுக்காகத் திரும்பி வந்திருக்கிறான். காட்டிலிருந்து இரண்டு நாய் ஓடிவந்தது, கழுத்து வெறுங்கழுத்து. முதலில் விழுந்தது கறுப்பு. செவலை சத்தத்துக்குப் பயந்து ஓடி ஒளிய இடம் தேடி, யார் காலுக்குள்ளோ புகுந்துகொள்ளலாம் என்று அவனிடமே போயிருக்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சேற்றில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தலையும் அவர் மடியில். துவக்குக்காரன் துவக்கைத் தரையில் ஊன்றி நின்றான். "அய்யே, பட்டி திபுணே நேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பட்டி இருக்கவில்லையே அண்ணே, என்று. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

லயமே கூடிவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி மார்பில் அடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்புட்டு நல்லாப் பட்டி செஞ்சு போட்டிருந்தீங்களே! எவன் கழட்டுனது?"

பட்டிகள் என் கைப்பைக்குள் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நான்தான் கழட்டுனேன்."

உண்மைதான், கழற்றிய கை அவருடையது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். யாரோ, "புத்தி கெட்ட மனுசன்" என்றார்கள். நான் பேசாமல் நின்றேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன், மறுநாளும் சொல்லவில்லை. அண்ணன் ஒரு வார்த்தைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே பக்கத்துக் காம்பரா நாய் ஐந்து குட்டி போட்டது. அண்ணன் தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார், ஒன்று கொடுப்பாயா என்று. நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, ஒங்ககிட்டயாண்ணே?" என்று அவள் சிரித்தாள். "நீங்கதான் பட்டிய கழட்டி உட்டுச் சுடக் குடுத்துருவீங்களே!"

கெட்ட மனதோடு சொல்லவில்லை, கேலிதான். அண்ணனும் சிரித்தார். "சரிதானே" என்றார். நீட்டியிருந்த கையை மெல்ல இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கழற்றச் சொன்னது நான்தான் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் குட்டி அவர் கைக்கு வந்திருக்கும். நான் துணியை உதறிக் கொடியில் போட்டேன். அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். வேறு நாய் கேட்கவே இல்லை.